இரண்டாவதாக ஒரு வங்கி

வாருங்கள், உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் சங்கத்தின் கோப்புகள் இருக்கின்றன. இதில் உட்காருங்கள். உங்கள் அடையாள அட்டையை ஒருமுறை பார்க்கலாமா? தவறாக எண்ண வேண்டாம். மின்கணக்கு எடுக்க வருபவரிடமும் கேட்பேன். பதினோர் ஆண்டாக அதே மனிதர்தான் வருகிறார். அவரும் பதினோர் ஆண்டாகச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

மணிமாறன். கள அலுவலர். படத்தில் மீசை இருக்கிறது, முகத்தில் இல்லை. இருக்கட்டும்.

ஆக, எங்கள் நல்லவிளையில் உங்கள் வங்கி ஒரு கிளை திறக்கலாமா என்று விசாரித்துப்போக வந்திருக்கிறீர்கள். நேற்றுக் காலை நீங்கள் தொலைபேசியில் பேசியவுடனேயே ஒன்பது நிபந்தனைகளைத் தட்டெழுதி வைத்துவிட்டேன். இதோ, இரண்டு படிகள். ஒன்றில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். பிறகு இடலாம், அவசரமில்லை. முதலில் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்காரர் சிரித்து நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அதற்கான விலையை நாங்கள்தான் கொடுத்தோம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சிவனணைந்தபெருமாள். மேனிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டு பொருளியல் கற்பித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்துக்கு ஒன்பது ஆண்டாகச் செயலாளர். உறுப்பினர்கள் நூற்று நாற்பத்தாறு பேர். முற்றுரிமை என்றால் என்ன, நிறைபோட்டி என்றால் என்ன என்று இந்த ஊரில் நாற்பது வயதைக் கடந்த யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேளுங்கள். நான் சொல்லிக்கொடுத்த சொற்களிலேயே சொல்வார்கள். பொருளாதாரச் சுதந்திரம் என்பது, விற்பவர் விரும்பிய தொழிலில் நுழையவும், வாங்குபவர் விரும்பியவரைத் தேர்ந்தெடுக்கவும் உள்ள உரிமை. ஐந்து மதிப்பெண் வினா. பதினேழு முறை பொதுத்தேர்வில் வந்திருக்கிறது.

நீங்கள் பழைய வங்கியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கடைத்தெருவில், சந்தை வாசலுக்கு எதிரே, முப்பத்திரண்டு ஆண்டாக இருந்தது. ஊருக்கு அது ஒன்றுதான். ஊருக்கு ஒன்றே ஒன்று என்றால் எப்படி இருக்கும்? பணம் எடுக்கும் சீட்டு எழுதப் பேனா இருக்கும். பேனாவை நூலில் கட்டியிருப்பார்கள். அந்த நூல் மேசையின் பாதிக்குக்கூட வராது. நாம்தான் மேசையின் ஓரத்துக்குப் போய்க் குனிந்துகொண்டு எழுத வேண்டும். ஒரு மணிக்கு உணவு இடைவேளை. இரண்டு மணிக்குத் திறக்க வேண்டும். திறக்க மாட்டார்கள். நான் ஓராண்டு குறித்துவைத்துச் சராசரி கண்டுபிடித்தேன்: இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம். அந்தக் குறிப்பேடு உள்ளே இருக்கிறது. எடுத்துவரவா? சரி, வேண்டாம்.

மேலாளர் தில்லைநாயகம் நல்ல மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதற்கு அவர் ஒருநாளும் தலையை நிமிர்த்தியதில்லை.

நான்கு ஆண்டுக்கு முன்பு புறவழிச்சாலையில் புதிய வங்கி வந்தது. தனியார் வங்கி. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, மெத்தை இருக்கைகள். திறப்பு விழாவுக்குப் போனவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை. என் மனைவி சொர்ணம் இரண்டு டம்ளர் குடித்தாள். கேட்டதற்கு, "ஓசியில தாராவ, குடிச்சுட்டு வராம யார் வீட்டுக் காசுன்னு கேட்டுக்கிட்டா நிப்பாவ?" என்றாள். அதுதானே கேள்வி! யார் வீட்டுக் காசு? விடை எனக்கு அன்றே தெரியும்.

அந்த வங்கியின் மேலாளர் கௌதமன். முப்பத்து நான்கு வயது. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, "வணக்கம் ஐயா" என்றார். வங்கி மேலாளர் ஒருவர் எனக்காக எழுந்து நின்றது அதுவே முதல் முறை. மறுநாள் வேறு சட்டை போட்டுக்கொண்டு போனேன், என்னைத் தெரியாதவர் போல இருப்பாரா என்று பார்க்க. அன்றும் எழுந்தார். அப்போதே குறித்துக்கொண்டேன்: இவருக்கு என்னிடம் ஏதோ ஆக வேண்டியிருக்கிறது.

இனிமேல்தான் வியப்பு. புதிய வங்கி வந்த இரண்டாம் வாரத்தில் பழைய வங்கியின் பேனா நூலிலிருந்து விடுபட்டது. முதியோருக்குத் தனி வரிசை வந்தது. குடிநீர்க் கருவி வந்தது. உணவு இடைவேளை முடிந்து இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே கதவு திறந்தது! தில்லைநாயகம் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே இருக்கையில் உட்கார்ந்து சிரித்தார். "சார், நம்ம பழக்கம் இன்னைக்கு நேத்தைக்கா? ஒரு குறைன்னா என் காதுல போடுங்க" என்றார்.

மற்றவர்கள் மகிழ்ந்தார்கள். ஊரில் அந்த ஆறு மாதத்தைப் பொற்காலம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. நான் மகிழவில்லை. முப்பத்திரண்டு ஆண்டாக முடியாத ஒன்று இரண்டே வாரத்தில் எப்படி முடிந்தது? அப்படியானால் அதுவரை வேண்டுமென்றே செய்யாமல் இருந்தார்கள் என்றுதானே பொருள்? வேண்டுமென்றே ஒன்றைச் செய்யாமல் இருந்தவர், நாளை வேண்டுமென்றே நிறுத்தவும் மாட்டாரா? எல்லோரும் நீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காப்பி வருகிறது. சர்க்கரை வேண்டுமா? வேண்டாமா? நல்லது.

இதற்கிடையில் ஜெசிந்தா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபத்து நான்கு வயது. தனியாக வசிக்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பழைய வங்கியிலிருந்து அவர் வீடு நாற்பது அடி தூரம். மாதத்தின் முதல் நாள் ஓய்வூதியம் எடுக்க வருவார். படி ஏற முடியாது. வங்கியின் கடைநிலை ஊழியர் பொன்னுத்துரை உள்ளேயிருந்து ஒரு மர நாற்காலியைத் தூக்கிவந்து தாழ்வாரத்தில் போடுவார். முதுகு சாயும் நாற்காலி. டீச்சர் அதில் உட்கார்ந்துகொள்வார். பொன்னுத்துரை சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பணத்தோடு திரும்பி வருவார். புதிய வங்கி வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

நான் அதை எதிர்த்தேன். எழுத்து மூலமாகவே எதிர்த்தேன். நூற்று நாற்பத்தாறு பேர் இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் நாற்காலி என்ன நியாயம்? நூற்று நாற்பத்தாறு நாற்காலி போடு, இல்லையென்றால் ஒன்றும் போடாதே. சலுகைக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது இருக்கும். பொன்னுத்துரைக்கு என்ன ஆதாயம் என்று மூன்று மாதம் கவனித்தேன். கிறிஸ்துமஸுக்கு டீச்சர் அவர் மகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்திருக்கிறார். ஆக, என் ஐயம் பொய்யில்லை.

புதிய வங்கி வந்த அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி. பேருந்திலிருந்து பார்க்கிறேன். புறவழிச்சாலைத் தேநீர்க் கடையில், ஒரே பெஞ்சில், தில்லைநாயகமும் கௌதமனும் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசிச் சிரிக்கிறார்கள். தில்லைநாயகம் உளுந்த வடையைப் பிட்டுப் பாதியைக் கௌதமனிடம் கொடுக்கிறார்! போட்டியாளர் இருவர் ஒரே வடையைத் தின்றால் அதற்குப் பாடநூலில் பெயர் உண்டு, ஐயா. விற்பவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு வாங்குபவரை ஏய்ப்பது. பன்னிரண்டாம் வகுப்பு, ஆறாம் பாடம்.

அன்று மாலையே திட்டம் தீட்டிவிட்டேன். எங்கள் ஊர்ப் பொதுக்குளத்துக் கரையில் நூற்றிருபது புளியமரங்கள் உண்டு. ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். முன்பு மரம் மரமாக விட்டார்கள். வியாபாரிகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு அடிமட்ட விலைக்கு எடுத்தார்கள். பிறகு நூற்றிருபதையும் ஒரே கட்டாக விட்டார்கள். எடுத்தால் முழுதும் எடு, இல்லையென்றால் ஒரு காய்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்க்கவில்லை. விலை மூன்று மடங்கு ஆனது. அதே முறைதான். நூற்று நாற்பத்தாறு ஓய்வூதியம், அவரவர் வைப்புத்தொகை, எல்லாம் ஒரே கட்டு. இரண்டு வங்கியும் என்னென்ன வசதி தருவோம் என்று எழுதி உறையில் இட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். நான் நூற்றுக்கு மதிப்பெண் போடுவேன். வென்றவருக்கு முழுதும். தோற்றவருக்கு ஒருவர்கூடப் போகக் கூடாது. அதன்பிறகு எப்படி வடையைப் பிட்டுக்கொள்வார்கள்?

பள்ளி அரங்கில் பொதுக்குழு கூடியது. நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். தீர்மானத்தைப் படித்தேன். கைதட்டினார்கள். ஜெசிந்தா டீச்சர் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்தவாறே கையைத் தூக்கினார்.

"சார், எல்லாரும் ஒரே பக்கமாப் போயிட்டா, மத்தவன் கடையச் சாத்திட்டுப் போயிருவான்லா?"

"போகட்டுமே டீச்சர். திறமையற்றது விலகும். அதுதான் போட்டி" என்றேன்.

"அவன் போனபொறவு யார்கூட சார் போட்டி?"

சிலர் சிரித்தார்கள். நான் பொறுமையாக, "நாம் தேர்ந்தெடுக்கிறோம் டீச்சர். தேர்ந்தெடுக்கும் உரிமைதான் பொருளாதாரச் சுதந்திரம். புளியமர ஏலத்தைப் பாருங்கள்" என்றேன்.

"புளியமரம் மறுவருசமும் காய்க்கும் சார். பேங்கு காய்க்குமா?"

இப்போது உரக்கச் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. "தையல் ஆசிரியை பொருளியல் பேசத் தொடங்கிவிட்டால் நான் நாளை முதல் ரவிக்கை தைக்க வேண்டியதுதான்" என்றேன். அதற்குக் கிடைத்த சிரிப்பில் அரங்கமே அதிர்ந்தது. டீச்சரும் சிரித்தார். பிறகு கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பொன்னுத்துரை போடுத நாற்காலிக்கு எத்தன மார்க்கு போட்டிருக்கீய?"

மதிப்பெண் பட்டியலில் நாற்காலி இல்லை. அது வங்கி எழுதிக் கொடுத்த வசதி இல்லையே! பொன்னுத்துரை தானாகச் செய்வது. எழுத்தில் இல்லாத ஒன்றுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? நீங்களே சொல்லுங்கள்.

புதிய வங்கி வென்றது. எண்பத்தொன்பது மதிப்பெண். குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லை, குறுஞ்செய்திக்குக் கட்டணமில்லை, பெட்டகத்துக்குப் பாதி வாடகை, முதியோருக்குப் பத்து மெத்தை இருக்கை, நடக்க இயலாதவருக்கு வீட்டுக்கே வந்து பணம். எல்லாம் முத்திரையிட்ட தாளில். பழைய வங்கி நாற்பத்து மூன்று. தில்லைநாயகம் அவ்வளவுதான் எழுதிக் கொடுத்திருந்தார். "மேலிடத்துல கேக்காம இதுக்கு மேல எழுதுனா பொய்யாயிரும் சார்" என்றார். தோற்கத் தயாராக இருப்பவர் ஏன் தோற்கத் தயாராக இருக்கிறார் என்று எனக்கு அப்போது ஓர் ஐயம் வந்தது. ஆராய நேரமில்லை.

நூற்று நாற்பத்தாறு பேருக்கும் கருவூலத்துக்கான மாற்றப் படிவத்தை நானே நிரப்பினேன். டீச்சர் வீட்டுக்கு மட்டும் மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை, "சங்கம் ஒன்றாக நிற்க வேண்டும் டீச்சர். ஒருவர் விலகினாலும் ஒப்பந்தம் செல்லாது" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். "நான் செய்யுதேன் சார். எங்காலு கேக்காதே" என்றார். "கௌதமன் வீட்டுக்கே அனுப்புவார்" என்றேன். அனுப்பவும் செய்தார். ஏழு மாதம் அனுப்பினார்.

ஓய்வூதியம் போன வழியில் வைப்புத்தொகை போனது. ஆசிரியர்கள் போன வழியில் கடைக்காரர்கள் போனார்கள். எட்டாம் மாதம் பழைய வங்கியின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கிளை, பத்தொன்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிளையோடு இணைக்கப்படுகிறதாம். பொன்னுத்துரையை அங்கே மாற்றிவிட்டார்கள். போகும்போது அந்த மர நாற்காலியை டீச்சர் வீட்டுத் திண்ணை ஓரம் வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். வங்கியின் சொத்தை அப்படிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்று நான் கேட்டேன்.

நான் சங்கக் கூட்டத்தில், "நமது ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி" என்று பேசினேன். பதிவேட்டில் இருக்கிறது.

பிறகா? பிறகு கௌதமனை மாற்றினார்கள். பதவி உயர்வு. புதிதாக வந்தவர் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. மேசைமேல் உள்ள பெயர்ப்பலகை அவர் பக்கமாகத் திரும்பியிருக்கும், தலையை நிமிர்த்தினால்தானே அதைச் சரிசெய்து வைப்பார்? முதலில் வீட்டுக்குப் பணம் அனுப்புவது நின்றது. 'ஆள் பற்றாக்குறை.' அடுத்து குறுஞ்செய்திக்குக் கட்டணம். அடுத்து குறைந்தபட்ச இருப்பு. மெத்தை இருக்கைகளை 'தூய்மைப்படுத்த' எடுத்துச் சென்றார்கள், இன்னும் தூய்மையாகவில்லை. முத்திரையிட்ட தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். அதன் அடியில் நுண்ணிய எழுத்தில், 'வசதிகள் மாற்றத்துக்கு உட்பட்டவை' என்று இருப்பதை அந்த மேலாளர் பென்சிலால் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

நான் எழுந்தேன். எல்லோரும் கேட்கும்படி, "நூற்று நாற்பத்தாறு கணக்குகளையும் நாளையே வேறு வங்கிக்கு மாற்றிவிடுவேன்" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "எந்த பேங்குக்கு சார்?"

கேள்வி மரியாதைக்குறைவாக இருந்ததால் நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழ் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். மண்டலத்திலேயே அதிக இலாபம் ஈட்டிய கிளை. மேலாளர் கோப்பை வாங்கும் படம். இரண்டு வங்கிகள் இருந்த காலத்தில் இரண்டுக்குமே கோப்பை கிடைத்ததில்லை, விசாரித்துவிட்டேன். திடீரென்று இவ்வளவு இலாபம் எங்கிருந்து வந்தது? கணக்கில் ஏதோ தில்லுமுல்லு இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமென்றால், தனியார் வங்கிக்குப் பொருந்தாதாம். எப்படி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் பார்த்தீர்களா?

நீங்கள் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லையே. பேனா இருக்கிறதா?

டீச்சரா? ஏன் அவரையே கேட்கிறீர்கள்? அது எப்படியென்றால், வீட்டுக்குப் பணம் வருவது நின்றபிறகு அவர் ஆட்டோவில் போய்வந்துகொண்டிருந்தார். போக நூற்றிருபது, வர நூற்றிருபது. இந்த ஆண்டு மார்ச் முதல் தேதி வரிசை நீளமாக இருந்தது. இருக்கைகள்தான் தூய்மைப்படுத்தப் போயிருந்தனவே. ஒரு மணி ஐம்பது நிமிடம் நின்றிருக்கிறார். அப்படியே சரிந்துவிட்டார். வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் நேரில் போய் ஆராய்ந்தேன். தரையில் பதித்திருப்பது வழுக்கும் வகை ஓடு. காரணம் ஓடுதான். அதை எழுத்து மூலமாகத் தெரிவித்துமிருக்கிறேன். சங்கத்தின் சார்பில் ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் தாழ்வாரத்தில் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என்னத்துக்கு சார் செலவு?" என்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. அதுவே எனக்கு ஐயமாக இருந்தது.

அதன்பிறகு அவர் வங்கிக்குப் போகவில்லை. மூன்று மாத ஓய்வூதியம் அங்கேயே கிடக்கிறது. மளிகைக் கடையில் பற்று வைத்துச் சாப்பிடுகிறார் என்று சொர்ணம் சொன்னாள். சொர்ணம் சொல்வதில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்வது.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்களை என்னிடம் அனுப்பியவர் யார்?

யாரும் அனுப்பவில்லையா? கடிதமா? யார் எழுதிய கடிதம்? கையெழுத்தில்லாத கடிதமென்றால் நான் கையால் தொடமாட்டேன். பெயர் இருக்கிறதா? காட்டுங்கள்.

ஜெசிந்தா மேரி, தையல் ஆசிரியை (ஓய்வு).

இது போலி. ஐயா, நான் உறுதியாகச் சொல்கிறேன், இது போலி. டீச்சரின் எழுத்து எனக்குத் தெரியும். இருபத்தைந்து ஆண்டாக ஒரே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டோம். அவர் எழுத்து ஊசித்தையல் போல, ஒன்று போல ஒன்று, கோட்டை விட்டு இம்மியும் இறங்காது. இதைப் பாருங்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கியதுபோல, ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து... வரியே மலை ஏறுகிறது. யாரோ அவர் பெயரைப் பயன்படுத்தி...

ஆமாம். வலக்கை. மணிக்கட்டு.

இடக்கையால் எழுதியிருக்கிறார்.

கொடுங்கள், நானே படிக்கிறேன். கண்ணாடி இருக்கிறது. 'மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஊரில் ஒரு வங்கி இருக்கிறது. அது நல்ல இலாபத்தில் நடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் வர வேண்டும். முதலாவதாக வர வேண்டாம். எல்லோரையும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டாவதாக இருந்தால் போதும். நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே அவர்களும் நாற்காலி போடுவார்கள். பழைய கட்டடம் காலியாகத்தான் இருக்கிறது. எங்கள் செயலாளர் சாரைப் பாருங்கள். அவர் நிறையக் கேள்வி கேட்பார். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னால்தான் மற்றவர்கள் வருவார்கள்.'

சங்கத்தின் வழியாக அனுப்பியிருக்க வேண்டும். முறை அதுதான். முத்திரை என்னிடம் இருக்கிறது.

எத்தனை கணக்கு உறுதியென்றால் உங்கள் மேலிடம் ஒப்புக்கொள்ளும்? எழுபதா? எழுபது போதுமா? நூற்று நாற்பத்தாறு பேர் இருக்கிறோமே! மீதிப் பேர் அங்கேயே இருக்கட்டுமா? பாதி போதும் என்று சொல்லும் வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. இதில் ஏதோ இருக்கிறது. முழுதாகத் தருகிறேன் என்கிறேன், வேண்டாம் என்கிறீர்கள். பாதியை வைத்துக்கொண்டு உங்களுக்கு எப்படி இலாபம் வரும்? குறைவாக வந்தாலும் வரும், நெடுநாள் வரும் என்கிறீர்கள். ம். அது எந்தப் பாடத்தில் இருக்கிறது?

ஏன் எழுந்துவிட்டீர்கள்? மூன்று மணிப் பேருந்தா? இருங்கள். நிபந்தனைகளைப் படிக்கவே இல்லையே. ஒன்று, சேவைக் கட்டணத்தைப் பத்தாண்டுக்கு உயர்த்தக் கூடாது. இரண்டு, மேலாளரை மூன்றாண்டுக்கு மாற்றக் கூடாது. மூன்று, உணவு இடைவேளை முடிந்து... ஏன் தலையை அசைக்கிறீர்கள்? உங்களுக்குக் கையெழுத்திட அதிகாரம் இல்லையா? பொய்யான உறுதி தர முடியாது என்கிறீர்களா? தில்லைநாயகமும் இதையே சொன்னார்.

தில்லைநாயகம் இதையேதான் சொன்னார்.

நில்லுங்கள், வாசல்வரை வருகிறேன். செருப்பைத் தேடுகிறேன், ஒரு நிமிடம். சரி, முதலாவதை விட்டுவிடலாம். பத்தாண்டு என்பது கொஞ்சம் மிகைதான். இரண்டாவதையும் விடலாம், மாற்றல் உங்கள் கையில் இல்லை. மூன்றாவது, இரண்டு மணிக்குத் திறப்பது. ஐந்து நிமிடம் தாமதித்தால் நான் ஒன்றும் குறித்துவைக்க மாட்டேன். நான்காவது, உங்கள் மேலாளர் மற்ற வங்கியின் மேலாளரோடு தேநீர் அருந்தக் கூடாது என்பது. அருந்தட்டும். வடை மட்டும்... அதுவும் தின்னட்டும். ஐந்தும் ஆறும் வட்டியைப் பற்றியவை, அவற்றை அடித்துவிடுகிறேன், பாருங்கள், உங்கள் கண்ணெதிரே அடிக்கிறேன். ஏழு வேண்டாம். எட்டும் வேண்டாம்.

ஒன்பதை விட முடியாது. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி. முதுகு சாயும் நாற்காலி. நூற்று நாற்பத்தாறு வேண்டாம், ஒன்று போதும். மாதத்தின் முதல் நாள் காலையிலேயே போட்டுவிட வேண்டும். யாருக்கு என்று கேட்காதீர்கள். பொது வசதி. நான் சொன்னேன் என்றும் எங்கும் சொல்லக் கூடாது. சொன்னால் நான் மறுத்துவிடுவேன், இப்போதே எச்சரிக்கிறேன்.

எழுபது பேரை நான் தருகிறேன். எழுபதுக்கு மேல் ஒருவரைக்கூடத் தரமாட்டேன், நீங்களே கேட்டாலும்.

எழுதிக்கொண்டீர்களா? எங்கே, காட்டுங்கள். சரி. நாற்காலி என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? ஐயா, உங்களைத்தான் கேட்கிறேன். ஏன் சிரிக்கிறீர்கள்?